கை மாறிப்போன பதினேழு சட்டைகள்

ஜிப்பம்மா இறந்தபோது அவளுக்கு வயது ஐம்பத்தெட்டு. காலையில் எழுந்தாள், தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டாள், பழைய துணியால் துடைத்தாள், நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று சொல்லி உட்கார்ந்தாள். அந்தக் காலையைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றும் இல்லை. அவளைப் பற்றிச் சொல்ல வேண்டியது அதற்கு மூன்று வருடம் முன்னால் நடந்தது.

பெரிய ஆஸ்பத்திரியின் பின்வாசல் தெருவில், மருந்துக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே ஆறடிக்கு எட்டடி அறை ஒன்று. அதில்தான் அவள் கடை. ஒரு மெஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, சுவரில் வரிசையாக ஆணி. ஆணிக்கு ஒரு நிறமாக ஜிப்புகள் தொங்கும். பேன்ட் உயரம் குறைப்பது, கிழிந்த பையை ஒட்டுப் போடுவது, ஜிப் மாற்றுவது. புருஷன் போன பிறகு பத்து வருடம் இந்த வேலைதான் வீட்டைத் தாங்கியது. வீட்டில் மூன்று பேர். அவள், மகள், கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்ட நாத்தனார். நாத்தனாருக்குக் கையும் கத்தரி, வாயும் கத்தரி. பொத்தானுக்குக் காஜா எடுப்பதில் அவளை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. பேச்சிலும் கிடையாது.

சொல்ல வந்ததற்கும் இரண்டு வருடம் முன்னால் ஒரு நாள் பஸ் கண்டக்டர் ஒருவர் ஒரு முழுக்கைச் சட்டையைக் கொண்டுவந்து மேஜைமேல் போட்டார். இடது கை தோள்வரை கோணலாக வெட்டப்பட்டிருந்தது.

"எலி கடிச்சுதா?" என்று கேட்டாள்.

"நான்தாம்மா கடிச்சேன்."

அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. வாரம் மூன்று நாள், நாளைக்கு நாலு மணி நேரம், ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். கையில் ஆபரேஷன் செய்து ரத்தக் குழாய்களை இணைத்திருந்தார்கள். அந்தக் கையில்தான் இரண்டு தடித்த ஊசிகள் ஏறும். அந்தக் கையில் கனம் தூக்கக் கூடாது, பிரஷர் பார்க்கக் கூடாது, இறுக்கமாக எதுவும் போடக் கூடாது. வார்டிலோ ஐஸ் பெட்டிக்குள் உட்கார்ந்த மாதிரி குளிர். முழுக்கைச் சட்டையைச் சுருட்டி மேலே ஏற்றினால் நர்ஸ் திட்டுகிறாள். கழற்றினால் பல் கிட்டிக்கொள்கிறது. அதனால் வெட்டிவிட்டார்.

"தைச்சுக் குடுத்தீங்கன்னா மறுபடியும் வெட்டுவேன். அதையும் சொல்லிடறேன்" என்றார்.

அவள் சட்டையைப் பார்த்தாள். பிறகு ஆணியைப் பார்த்தாள். டிராவல் பைக்குப் போடும் ஜிப் ஒன்று இருந்தது. இழுத்துத் திறக்கும் பிடி இரண்டு உள்ளது. மேலிருந்தும் திறக்கலாம், கீழிருந்தும் திறக்கலாம், நடுவில் மட்டும் வேண்டிய அளவு திறந்துகொள்ளலாம். அதைத் தோளிலிருந்து மணிக்கட்டுவரை வைத்துத் தைத்தாள். ஜிப்பின் பல் தோலில் உரசாமல் இருக்க உள்ளே ஒரு பட்டைத் துணி கொடுத்தாள். கண்டக்டர் அதைப் போட்டுக்கொண்டு, முழங்கை அருகே மட்டும் ஒரு சாண் திறந்து பார்த்தார். திறந்தார், மூடினார், திறந்தார். குழந்தைக்கு விளையாட்டுச் சாமான் கிடைத்த மாதிரி.

ஒரு மாதத்தில் அதே வார்டிலிருந்து ஒன்பது பேர் வந்தார்கள். ஜிப்பம்மா என்ற பெயர் அங்கே பிறந்தது.

மகள் அதற்குள் இரண்டு மணி நேரத் தொலைவில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை கிடைத்து அங்கேயே தங்கியிருந்தாள். மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று தேடிச் சொல்வது அவள் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவள், ஜெராக்ஸ் கடைக்காரருக்குச் சட்டையை மாட்டி நிறுத்திப் படம் எடுத்து, ஆன்லைனில் விற்கும் ஆப் ஒன்றில் அம்மா பெயரில் கடை திறந்தாள்.

"சீக்காளி சட்டையை யாரு ஃபோன்ல தேடுவா? நல்ல சட்டையே விக்க மாட்டேங்குது" என்றாள் நாத்தனார்.

"அத்தை, தேடறவங்க தேடுவாங்க."

"தேடுவாங்க, தேடுவாங்க. ஜெராக்ஸ்காரர் மூஞ்சியைப் பாத்துட்டு ஓடிடுவாங்க."

ஓடவில்லை. ஆறாம் நாள் முதல் ஆர்டர் வந்தது. அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று மூவருக்கும் தெரியாது. மகள் வரைபடத்தில் காட்டினாள். ஜிப்பம்மா அந்தப் புள்ளியை வெகுநேரம் பார்த்தாள். "இவ்வளவு தூரத்துல ஒருத்தருக்குக் குளிருது, அது நமக்குத் தெரியுது பாரு" என்றாள்.

இரண்டு வருடத்தில் அறை போதவில்லை. வீட்டு முன்னறையில் மூன்று மெஷின். நாத்தனார் ஒன்றில், எதிர்வீட்டு அக்கா ஒன்றில். எதிர்வீட்டு அக்கா அதுவரை வேறு யாருடைய வீட்டையோ பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்தவள். இப்போது "நான் வேலைக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டுத் தெருவைக் குறுக்கே கடந்து வருவாள். நாலு எட்டுதான். ஆனாலும் தலைசீவி, பொட்டு வைத்து, கைப்பையோடு வருவாள்.

ஜிப்பம்மா எழுத்துக்கூட்டி டைப் அடிப்பதற்குள் சட்டையே தைத்துவிடலாம். அதனால் எல்லாவற்றுக்கும் குரலில்தான் பதில். "நல்லா இருப்பீங்க" என்று ஆரம்பிப்பாள். பொட்டலம் எடுக்க மூன்று மணிக்கு வருபவருக்குச் செம்பில் தண்ணீர் தயாராக இருக்கும். ஒருமுறை ஒருவர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்து, ஜிப்பின் முனை மணிக்கட்டில் குத்துகிறது என்று எழுதிவிட்டார். மகளுக்குக் கோபம் வந்தது. ஜிப்பம்மா அவருக்குக் குரல் அனுப்பினாள். "நல்லா இருப்பீங்க. நீங்க சொல்லலேன்னா இன்னும் எத்தனை பேரைக் குத்தியிருக்குமோ." அன்றிலிருந்து முனையை மடித்துத் தைத்தார்கள். அவர் பிறகு ஐந்து சட்டை வாங்கினார். நட்சத்திரத்தை மட்டும் மாற்றவில்லை. "இருக்கட்டும், ஞாபகமா இருக்கும்" என்றாள்.

எந்தக் கையில் ஜிப் என்பதுதான் ஆரம்பத்தில் பெரிய தலைவலி. உங்கள் இடதா, எதிரே நிற்பவரின் இடதா என்று குழம்பி இரண்டு மூன்று சட்டை வீணாயின. மகள் அதற்கு ஒரு வழி செய்தாள். இடது, வலது என்று கேட்பதே வேண்டாம். ஊசி போடும் கையைக் காட்டி ஒரு படம் அனுப்பட்டும்.

"வார்த்தை குழப்பும்மா. படம் குழப்பாது" என்றாள்.

குழப்பவில்லை. இரண்டு வருடம் ஒரு சட்டைகூடத் தப்பாகவில்லை. அந்த யோசனையைக் கம்பெனியில்கூடச் சொல்லி மகள் பெருமைப்பட்டுக்கொண்டாள்.

அப்போது வந்தது அந்த நாற்பது சட்டை ஆர்டர்.

ஆறு மணி நேர பஸ் தூரத்தில் ஓர் ஊர். அங்கே டயாலிசிஸ் சென்டரில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், தானும் ஒரு நோயாளி, மற்றவர்களை எல்லாம் சேர்த்து நாற்பது பேரை வாங்கச் செய்திருந்தார். அவரவர் ஃபோனிலிருந்து அவரவர் ஆர்டர், அவரவர் படம். ஜிப்பம்மா தலைகால் புரியாமல் நின்றாள். நாற்பது படத்தையும் பெரிதாக ஜெராக்ஸ் எடுத்து, பெயர் எழுதி, சுவர் நிறைய ஒட்டினாள். ஒவ்வொரு கையாகப் பார்த்து, ஒவ்வொரு கையாக வெட்டினாள். பதினாறு நாள். மூன்று பேருக்கும் முதுகு கழன்றுபோனது. கடைசிப் பொட்டலம் போன அன்று நாத்தனார் தரையில் மல்லாந்து படுத்து, "இனிமே யாருக்காவது கை இருந்தா எனக்குக் காட்டாதீங்க" என்றாள்.

சட்டைகள் போய்ச் சேர்ந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, வாத்தியார் கூப்பிட்டார்.

"ஏம்மா, கடை நடத்தறீங்களா, விளையாடறீங்களா?"

"சார், என்ன ஆச்சு?"

"கையை மாத்தி வெச்சிருக்கீங்க. ஒருத்தர் ரெண்டு பேருக்கு இல்ல, பதினேழு பேருக்கு! நான் சொன்னேன்னு வாங்கினாங்க. நாளைக்கு என் மூஞ்சியை எங்க வெச்சுக்கறது?"

ஜிப்பம்மா ஃபோனை வைத்துவிட்டு எழுந்தாள். சுவரில் படங்கள் அப்படியே இருந்தன. எடுத்துப் பார்த்தாள். படத்தில் இருக்கிறபடிதான் வெட்டியிருந்தாள். சந்தேகமே இல்லை.

திங்கட்கிழமைக்குள் திருப்பி அனுப்பும் கோரிக்கை பதினேழும் ஆப்பில் வந்துவிட்டன. செவ்வாய்க்கிழமை எச்சரிக்கை வந்தது. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் எல்லாக் கோரிக்கையும் தீர்ந்திருக்க வேண்டும். ஒன்று மிச்சம் இருந்தாலும் கடை நீக்கப்படும். சட்டைகள் திரும்பி வந்து சேரவே பத்து நாள் ஆகும். ஆகவே தீர்வதற்கு ஒரே வழி, வாங்கியவர்களே கோரிக்கையைத் திரும்பப் பெறுவது. பதினேழு பேரும்.

அன்று சாயங்காலமே மகள் பஸ் ஏறி வந்தாள். படங்களைப் பார்த்தாள். தன் ஃபோனை எடுத்து, தன்னையே ஒரு படம் எடுத்துக்கொண்டு அம்மாவிடம் நீட்டினாள்.

"எந்தக் கையில வாட்ச் கட்டியிருக்கேன்?"

"வலது கை."

மகள் கையைத் தூக்கிக் காட்டினாள். இடது கை.

தன்னைத் தானே எடுக்கும்போது சில ஃபோன்கள் கண்ணாடி மாதிரி, இடதை வலதாக்கிப் படத்தைச் சேமிக்கின்றன. சில ஃபோன்கள் அப்படிச் செய்வதில்லை. இதுவரை படம் அனுப்பியவர்களை மகனோ மனைவியோ நர்ஸோ எதிரே நின்று எடுத்தார்கள். இந்த ஊரில் வாத்தியார் சொன்னதும், ஊசி ஏறிய கையை அசைக்காமல் படுத்திருந்தபடியே, மறு கையால் தங்களைத் தாங்களே எடுத்து அனுப்பிவிட்டார்கள். மூன்று படங்களில் பின்னால் சுவரில் எழுத்துப் பலகைகூடத் தெரிந்தது. எழுத்தெல்லாம் திரும்பி இருந்தது. பதினாறு நாள் அந்த எழுத்து சுவரில் அவர்கள் கண்முன்னால்தான் இருந்தது. எல்லோரும் கையை மட்டுமே பார்த்தார்கள்.

மகள் முகத்தில் ஈயாடவில்லை. "ஓட்டை கண்டுபிடிக்கத்தாம்மா எனக்குச் சம்பளம் தர்றாங்க" என்றாள்.

"படம் கேட்டது நீ. பாத்து வெட்டினது யாரு? பன்னெண்டு வருஷமா ஆளைக் கண்ணாடி முன்னாடி நிறுத்தி அளவு பாக்கறேன். கண்ணாடி என்ன பண்ணும்னு எனக்குத் தெரியாதா? விடு."

அத்தோடு விட்டுவிட்டாள். அந்தப் பேச்சை அவள் அப்புறம் ஒருநாளும் எடுக்கவில்லை. வேடிக்கைக்குக்கூட, கோபத்தில்கூட எடுக்கவில்லை. மகள் அதற்காக அவளிடம் வாய்விட்டு நன்றி சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்.

மறுநாள் மகள் ஒரு திட்டம் சொன்னாள். பதினேழு பேருக்கும் மன்னிப்புக் கேட்டு ஒரு செய்தி. புதுச் சட்டை பின்னால் வரும், தயவுசெய்து இன்றே கோரிக்கையைத் திரும்பப் பெறுங்கள் என்று.

"அவங்களுக்கு இன்னும் சரியான சட்டை போய்ச் சேரலே. அதுக்குள்ள அவங்க கிட்டயே உதவி கேப்பியா?"

"வேற வழி?"

"போவோம். அங்கயே உக்காந்து தைச்சுக் குடுப்போம்."

நாத்தனார் காஜா ஊசியைக் கீழே வைத்தாள். "அண்ணி, நீங்க பண்றது ஆன்லைன் வியாபாரமா, இல்ல ஊர் ஊரா பாத்திரத்துக்கு ஈயம் பூசற வியாபாரமா?"

"நீ வர்றியா, இல்லையா?"

"வராம? நீங்க எந்தக் கையில வைப்பீங்கன்னு யாரு பாத்துக்கறது?"

ஜிப்பம்மா கணக்குப் போட்டிருந்தாள். டயாலிசிஸ்காரர்களில் பாதிப் பேர் திங்கள், புதன், வெள்ளி வருவார்கள். மீதிப் பேர் செவ்வாய், வியாழன், சனி. வெள்ளியும் சனியும் அங்கே இருந்தால் எல்லோரும் கண்ணில் படுவார்கள். "கேக்கக் கூடாது" என்று மகளிடம் கண்டித்துச் சொன்னாள். "தைச்சுக் குடுப்போம். கோரிக்கையை வாபஸ் வாங்க அழுத்தறதும் அழுத்தாததும் அவங்க இஷ்டம்."

"கடை போயிடுமேம்மா."

"போயிடும். ஆனாலும் கேக்கக் கூடாது."

வெள்ளிக்கிழமை முதல் பஸ். எதிர்வீட்டு அக்கா கடையைப் பார்த்துக்கொண்டாள். கையில் தூக்கிப் போகும் சின்ன மெஷின், இருபத்தைந்து ஜிப், பட்டைத் துணி, நூல்கண்டு. மெஷினை நாத்தனார் மடியில் வைத்துக்கொண்டாள். பஸ் குலுங்கும்போதெல்லாம் அதைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டாள்.

சென்டரின் காத்திருப்புக் கூடத்தில் தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட் இருந்தது. காவலாளி கூடாது என்றார். தலைமை நர்ஸ் வந்து பார்த்தாள். மெஷினையும் பார்த்தாள், நாத்தனார் நெற்றி வியர்வையையும் பார்த்தாள். "ஆளுங்க உள்ள போறப்பவும் வெளிய வர்றப்பவும் வழியை அடைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, தானே ஒரு மேஜையை இழுத்துப் போட்டாள்.

வாத்தியார் முதலில் முகம் கொடுத்தே பேசவில்லை. தன் சட்டையை மேஜைமேல் வைத்தார். அவருடையதும் கை மாறியதுதான்.

"படத்துல தப்பாயிடுச்சு சார். கண்ணாடி மாதிரி திருப்பிப் போட்டுடுச்சு. நாங்கதான் கவனிச்சிருக்கணும்" என்றாள் ஜிப்பம்மா.

வாத்தியார் தன் ஃபோனை எடுத்தார். அந்தப் படத்தைப் பார்த்தார். பின்னால் இருந்த திரும்பிய எழுத்தைப் பார்த்தார். "நாப்பது வருஷம் கணக்குச் சொல்லிக் குடுத்தேன். பிம்பம்னு ஒரு பாடமே உண்டு" என்று முணுமுணுத்தார். அதற்குப் பிறகு அவர் குரல் இறங்கிவிட்டது.

வேலை என்னவென்றால், தப்பான கையின் ஜிப்பைப் பிரித்து மூட வேண்டும், சரியான கையில் புதிதாக வைக்க வேண்டும். ஒரு சட்டைக்கு இரண்டு வேலை. இரண்டு நாளில் பதினேழு சட்டை முடியுமா என்று நாத்தனார் விரல் மடக்கிக்கொண்டிருந்தாள். இரண்டாவதாக வந்தவர் காய்கறிக் கடைக்காரர். ஜிப்பம்மா பிரிக்க ஆரம்பித்ததும் அவர் தடுத்தார்.

"அதை ஏம்மா மூடறீங்க?"

"இது தப்பான கைங்க."

"தப்பான கைதான். ஆனா அந்தக் கையிலதானே பிரஷர் பாக்கறாங்க. அரை மணிக்கொரு தரம் வந்து பட்டையைக் கட்டறாங்க. முழுக்கையைச் சுருட்டிச் சுருட்டி எனக்குச் சலிச்சுப்போச்சு. திங்களும் புதனும் இந்த ஜிப்பைத் திறந்து விட்டுட்டுத் தூங்கிட்டேன். அது பாட்டுக்கு இருக்கட்டும். இந்தப் பக்கமும் ஒண்ணு வெச்சுடுங்க."

ஜிப்பம்மா கையிலிருந்த பிரிப்பு ஊசி அப்படியே நின்றது. நாத்தனார் அவளைப் பார்த்தாள். மகள் இருவரையும் பார்த்தாள்.

"ரெண்டு கையிலயும்" என்றாள் ஜிப்பம்மா.

"ரெண்டு கையிலயும் வெச்சா எந்தக் கைன்னு கேக்கவே வேணாமே" என்றாள் மகள்.

"அப்ப உன் படமும் வேணாம், அந்தக் கண்றாவியும் வேணாம்" என்றாள் நாத்தனார்.

இன்றுவரை கடையில் படம் கேட்பதில்லை. மகள் யோசித்துச் செய்த அந்த வழியை, சட்டையைப் போட்டுப் பார்த்த ஒருவர் ஒரு நிமிடத்தில் தேவையில்லாமல் ஆக்கிவிட்டார். அவருக்கு ஜிப்பம்மா கடைசிவரை வருடம் ஒரு சட்டை தைத்து அனுப்பினாள். இவள் ஏன் அனுப்புகிறாள் என்று அவருக்குப் புரியவே இல்லை.

வேலை பாதியானது. வெள்ளி மாலைக்குள் ஒன்பது சட்டை. வாத்தியார் வீட்டுத் தட்டுமுட்டுச் சாமான் அறை ஒன்றில் மூவரும் படுத்தார்கள். அவர் மனைவி தோசைக்கல்லை விட்டு நகரவே இல்லை. சனிக்கிழமை மதியத்துக்குள் இன்னும் ஏழு. ஜிப்பம்மா யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் வாத்தியார் கேட்டார். மகள் வாயை மூடிக்கொண்டிருந்தாலும், ஃபோனை நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பதைப் பார்த்துவிட்டு விஷயத்தைக் கறந்துவிட்டார். பிறகு உள்ளே போய்க் கட்டில் கட்டிலாக நின்றார், முந்தின நாள் வந்துபோனவர்களுக்கு ஃபோன் போட்டார். மகளின் ஃபோனில் பதினேழு பதினொன்று ஆனது, ஐந்து ஆனது. மூன்று மணிக்கு ஒன்று.

"அந்த ஒருத்தர் யாரு சார்? இன்னும் வரலையே" என்றாள் ஜிப்பம்மா.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவர் வாட்ச் ரிப்பேர் பண்றவரும்மா. திங்கக்கிழமை என்னோடதான் பக்கத்துக் கட்டில்ல இருந்தார். செவ்வாய்க்கிழமை போயிட்டார்."

கூடத்தில் மெஷின் நின்றது.

"வீடு எங்க?" என்றாள் ஜிப்பம்மா.

"அம்மா, வேணாம்மா" என்றாள் மகள். "அந்த வீட்டுல போய் எப்படி…"

"கடைக்காக இல்ல. நம்ம சட்டை ஒண்ணு அங்க தப்பா கிடக்குது. வா."

இரண்டு தெரு தள்ளி, மாடியில் ஒற்றை அறை. ஜன்னலோரம் வாட்ச் பழுது பார்க்கும் மேஜை, மேலே துணி போட்டு மூடியிருந்தது. அவர் மனைவிக்கு ஜிப்பம்மா வயதுதான் இருக்கும். வாத்தியார் அறிமுகம் சொன்னார். அந்த அம்மாள் உள்ளே போய், சட்டையை உறையோடு கொண்டுவந்து நாற்காலியில் வைத்தாள்.

"இதை மாத்திக் குடுத்து என்ன பண்றது? ஆள் இல்லையே."

கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள்.

"அவர் சட்டையை வேற யாராவது போடுவாங்களா?" என்று கேட்டாள் ஜிப்பம்மா.

"என் தம்பி இருக்கான். ஒரே அளவுதான். ஆனா இதைப் போட்டா பாக்கறவன் எல்லாம் உனக்கும் அந்த வியாதியான்னு கேப்பான்."

"ஜிப்பை எடுத்துட்டு சாதாச் சட்டையா ஆக்கித் தரட்டுமா?"

அந்த அம்மாள் சட்டையை எடுத்து நீட்டினாள்.

மணி நாலு இருபது. டிராவல் பை ஜிப்பைப் பிரிப்பது எளிதல்ல. இரட்டைத் தையல், அதன்மேல் ஓரத் தையல். அவசரப்பட்டால் துணி கிழியும். ஜிப்பம்மா ஜன்னலோரம் வெளிச்சத்தில் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு தையலாகத் தூக்கி அறுத்தாள். நாத்தனார் அறுந்த நூலைப் பொறுக்கினாள். வாயே திறக்கவில்லை. அவள் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததை மகள் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அந்த அம்மாள் எதிரே உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். சட்டை வந்த அன்று அவர் அதைப் போட்டுப் பார்த்து, கை மாறியிருப்பதைக் கண்டு விழுந்து விழுந்து சிரித்தாராம். "நான் நாப்பது வருஷமா ஊர் வாட்சைத் திருத்தினேன், இவங்க என் கையையே மாத்திட்டாங்க" என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாராம். எல்லோரும் திருப்பி அனுப்புவதால்தான் அவரும் ஆப்பில் அழுத்தினார். மனசே இல்லையாம்.

"அந்த ஒரு வாரத்துல அவர் சிரிச்சது அதுக்கு மட்டும்தான்" என்றாள்.

ஜிப்பம்மா தலையாட்டினாள். பிரித்த இடத்தை இழுத்து, உள்ளே கொடுத்திருந்த பட்டைத் துணியை ஒட்டாக்கி, வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளைக் குத்தினாள். மணி ஐந்தே கால். வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மகளைப் பார்த்தார். கேட்கட்டுமா என்று கண்ணால் கேட்டார். மகள் வேண்டாம் என்று தலையசைத்தாள். அப்படித் தலையசைத்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மெஷினை வைத்துத் தையல் போட்டு, அந்த வீட்டு இஸ்திரிப் பெட்டியாலேயே தேய்த்துக் கொடுத்தபோது ஐந்தே முக்கால். அந்த அம்மாள் கைப்பகுதியைத் தடவித் தடவித் தையலைத் தேடினாள். விரலுக்குத் தட்டுப்பட்டது. கண்ணுக்குத் தெரியவில்லை. அவள் சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, அலமாரியிலிருந்து அவருடைய ஃபோனை எடுத்தாள்.

"இதுல எதையோ அழுத்தினாத்தான் உங்களுக்குக் கடை நிக்கும்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. வாத்தியார் எல்லார்கிட்டயும் சொன்னாராமே. நீங்க வந்ததும் அதைக் கேப்பீங்கன்னு நினைச்சேன்."

மகள் எந்த இடம் என்று காட்டினாள். அந்த அம்மாள் அழுத்தினாள். ஐந்து ஐம்பத்திரண்டு. மகளின் ஃபோனில் ஒன்று என்ற எண் மறைந்தது.

படியிறங்கும்போது அந்த அம்மாள் ஜிப்பம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருப்பீங்க" என்றாள். மற்றவர்களுக்கு எல்லாம் ஜிப்பம்மா சொல்லும் வார்த்தை. அவள் பதிலுக்கு அந்தக் கையை மட்டும் அழுத்தினாள்.

ஆறே முக்கால் பஸ்ஸில் மூவருக்கும் இடம் கிடைத்தது. மகளும் அம்மாவும் ஒரு இருக்கையில், நாத்தனார் மெஷினோடு பின்னால்.

"கடை இருக்கா?" என்றாள் ஜிப்பம்மா.

"இருக்கும்மா."

"இன்னொரு தரம் பாரு."

மகள் பார்த்தாள். "இருக்கு."

ஜிப்பம்மா ஒரு பெரிய மூச்சு விட்டாள்.

"ஏம்மா, அவ்வளவு நேரம் அந்த வீட்டுல எப்படி அப்படி உக்காந்திருந்தே? ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணவே இல்லையா?"

"தோணலையா! நெஞ்சு அடிச்சுக்கிச்சு. மூணு வாட்டி கேட்டுடலாம்னு வாயெடுத்தேன்."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"வாய் நிறைய குண்டூசி இருந்துச்சு."

பின்னால் நாத்தனார் சிரித்தது முன் இருக்கைவரை கேட்டது. மகளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே திரும்பியபோது ஜிப்பம்மா அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டிருந்தாள்.

"எழுப்பிடாதே" என்றாள் நாத்தனார். "எழுப்பினா, மீதி ஒன்பது ஜிப் பையில இருக்கு, அடுத்த ஊருக்கும் டிக்கெட் எடுன்னு சொல்லும் உங்கம்மா."